சும்மா வுட்டா என்னா பண்ணும்?

டீக்கடையில் நாங்களெல்லாம் "ஒரு டீ" என்று சொல்லிவிட்டு நிற்போம். அந்த அக்கா மட்டும் அப்படி நிற்க மாட்டார்.

"நான் வேற ஒண்ணும் சொல்லலன்னா எப்படிப் போடுவீங்க?" என்று கேட்பார்.

"எல்லாருக்கும் போடற மாதிரிதாம்மா. சக்கர தூக்கலா."

"அப்ப நான் சொல்லணும். சக்கர கம்மி."

"இத மொதல்லயே சொல்லித் தொலைச்சிருக்கலாமேம்மா?"

"நீங்க சும்மா வுட்டா என்னா பண்ணுவீங்கன்னு தெரிஞ்சாத்தானே, நான் சொல்லணுமா வேணாமான்னு எனக்குத் தெரியும்?"

டீக்கடைக்காரர் எங்கள் பக்கம் திரும்பித் தலையில் அடித்துக்கொள்வார். மறுநாளும் அவர் கேட்பார், மறுநாளும் இவர் அடித்துக்கொள்வார். "நேத்துதானே கேட்டீங்க?" என்றால், "நேத்து நீங்க வேற மனசுல இருந்திருக்கலாம்" என்பார்.

விருத்தாசலத்தில் பீங்கான் வேலை செய்த எங்கள் எல்லோருக்கும் அந்த அக்காவைத் தெரியும். சேத்தியாத்தோப்பிலிருந்து தினமும் பஸ்ஸில் வந்து போவார். பெரிய சூளைக்குப் பக்கத்தில் இருந்த சூடு பார்க்கும் மெஷினைக் கவனிப்பது அவர் வேலை. பெயர் நல்ல பெயர்தான். ஆனால் அந்தப் பெயரால் யாரும் அவரைக் கூப்பிட்டு நான் கேட்டதில்லை. நேரில் 'அம்மா' என்பார்கள், முதுகுக்குப் பின்னால் 'சும்மா வுட்டா அம்மா' என்பார்கள். எங்கள் ஊரில் பட்டப்பெயர் என்பது சூளையில் சுட்ட பளபளப்பு மாதிரி. ஒரு தடவை ஏறிவிட்டால் தேய்த்தாலும் போகாது.

நான் சூளையை ஒட்டிய கொட்டகையில் வேலை செய்தேன். அப்போது கரண்டு கம்பங்களுக்கும் வீடுகளுக்கும் வேண்டிய ப்யூஸ் கட்டைகள் எங்கள் ஊரிலிருந்து போய்க்கொண்டிருந்தன. சூளைக்குப் போகும் முன் பச்சைக் கட்டையின் ஓரத்தில் பிசிறு இருக்கும். அதை ஈரப் பஞ்சால் துடைத்துப் பலகையில் அடுக்க வேண்டும். குனிந்த தலை நிமிராமல் செய்கிற வேலை. எனக்குப் பொருத்தமான வேலை. ஆம்பிளைகள் நான்கு பேர் கூடி நின்றால் என் நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொள்ளும். அந்த அக்காவிடம் மட்டும் ஏதோ கொஞ்சம் வாய் வரும். அவர் நம் முகத்தைப் பார்த்துப் பேச மாட்டார், கையில் இருக்கிற பொருளைப் பார்த்துப் பேசுவார். அதனாலோ என்னவோ.

பஸ்ஸிலும் இதே கதைதான். ஏறியவுடன் கண்டக்டரிடம், "யாரும் ஒண்ணும் சொல்லலன்னா சூளை ரோட்டுல பஸ்ஸு நிக்குமா, போயிடுமா?" என்று கேட்பாராம்.

"போயிடும்மா."

"அப்ப நான் சொல்லிடறேன். நிறுத்துங்க."

"அம்மா, நீங்க ரெண்டு வருஷமா அங்கதான் எறங்கறீங்க. எனக்குத் தெரியாதா?"

"உங்களுக்குத் தெரியும். நாளைக்கு வேற கண்டக்டர் வந்தா?"

ஒரு தடவை, கூட வேலை செய்த பெண்ணின் கல்யாணத்துக்காக இருவரும் மங்கலம்பேட்டைக்குப் போனோம். திரும்பும்போது கடைத்தெருவில் புளி வாங்கினோம். கடைக்காரர் தராசை எடுத்ததும் அக்கா, "பாய், தட்டுல ஒண்ணும் வைக்காம சும்மா தூக்குங்க" என்றார்.

கடைக்காரருக்கு முகம் சிவந்துவிட்டது. "என்னம்மா, என்னையே சந்தேகப்படறீங்களா?"

"உங்கள இல்ல பாய். தராச."

எனக்குப் புடவைத் தலைப்புக்குள் புகுந்துகொள்ளலாம் போல இருந்தது. அவர் வெடுக்கென்று தராசைத் தூக்கினார். வெறும் தராசு நேராக நிற்கவில்லை. சரக்குத் தட்டு லேசாக மேலே தூக்கிக்கொண்டு நின்றது. அதைச் சரிக்கட்ட எப்போதும் கொஞ்சம் சரக்குக் கூடவே விழுந்திருக்கும். கடைக்காரர் தராசையே பார்த்தார். பிறகு உள்ளே திரும்பி, "யா அல்லா! இத்தன நாளா ஊருக்கே கொசுறு குடுத்திருக்கேனே!" என்று தலையில் கை வைத்தார். கிளம்பும்போது எங்கள் இருவர் கையிலும் ஒரு பிடி பேரீச்சம்பழம் வைத்தார். "அடுத்த கடையிலயும் போயிப் பாருங்கம்மா" என்று சிரித்தார்.

அக்கா பூ வைக்க மாட்டார். தினமும் தனியாக பஸ் ஏறி வருகிற பெண், தலையில் பூ இல்லை, வீட்டைப் பற்றி ஒன்றும் பேசுவதில்லை. போதாதா? எங்கள் கொட்டகையில் ஒருத்தி, "புருஷன் செத்துட்டான்" என்றாள். இன்னொருத்தி, "வுட்டுட்டு ஓடிட்டான்" என்றாள். ஒரு நாள் மல்லிகைப்பூ வைத்துக்கொண்டு நான் அவர் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். அடுக்கடுக்காகத் தும்ம ஆரம்பித்துவிட்டார். கண்ணெல்லாம் தண்ணீர். "தள்ளி உக்காரு புள்ள. பூ வாசம் பட்டாலே எனக்கு இப்படித்தான். எங்க வூட்டுக்காரரு பாவம், கல்யாணத்தன்னிக்கு மாலையக் கழட்டி எடுத்துக்கிட்டுத் தள்ளி நின்னாரு" என்றார். வீட்டுக்காரர் சேத்தியாத்தோப்பில் வாத்தியார் வேலை பார்க்கிறார், நன்றாகத்தான் இருக்கிறார் என்பது அன்றுதான் எனக்குத் தெரியும்.

மற்றவர்கள் பேசுவதைத் தயங்கித் தயங்கிச் சொன்னேன். அவருக்குக் கோபம் வரவில்லை. கையிலிருந்த, மெஷினுக்கு ஊற்றுகிற மைக்குப்பியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"நான் ஒண்ணும் சொல்லாத எடத்துல அவங்களா ஒண்ண எழுதிக்கிட்டாங்க. வெத்து எடத்த வெத்தாவே வுட ஜனங்களுக்கு வராது புள்ள" என்றார்.

நான் சொல்ல வந்தது அந்த மெஷினின் கதை.

சூளைச் சுவருக்குப் பக்கத்தில் ஒரு கண்ணாடிப் பெட்டி. அதற்குள் தோசைக்கல் அளவில் ஒரு வட்டப் பேப்பர் மெதுவாகச் சுற்றும். அதன்மேல் மை வைத்த ஒரு முள் ஓயாமல் கோடு போடும். சூளைக்குள் எவ்வளவு சூடு என்பதைச் சுவரில் செருகியிருந்த ஒரு ஒயர் முள்ளுக்குச் சொல்லும். சூளை ஆறிக் கிடந்தால் முள் பேப்பரின் நடுவில் இருக்கும். சூடு கூடக்கூட வெளி ஓரத்துக்குப் போகும். அதை நாங்கள் 'ஏறுது' என்போம். ஓரத்துக்குச் சற்று முன்னால் கண்ணாடியில் சிவப்புப் பெயிண்டில் ஒரு கோடு. முள் சிவப்பைத் தொட்டால் உடனே சூளையை எரிக்கிற எண்ணெயை மூடி நெருப்பை நிறுத்திவிட வேண்டும். இல்லாவிட்டால் உள்ளே இருக்கிற சரக்கு உருகிக் கூழாகிவிடும். மெஷின் வந்த அன்று மேனேஜர் எல்லோரையும் கூப்பிட்டு, "இனிமே உங்க கண்ண நம்பாதீங்க. முள்ள நம்புங்க" என்று சொன்னார்.

அக்கா அன்றைக்கே கேட்டார். "சார், ஒயர்லேர்ந்து ஒண்ணுமே வரலன்னா முள்ளு எங்க போவும்?"

"நடுவுல வுழும். வேற எங்கம்மா போவும்?"

"ஒரு தடவ கழட்டிப் பாக்கட்டுமா சார்?"

"நல்லா ஓடற மெஷின ஏம்மா நோண்டறீங்க?"

எல்லோரும் சிரித்தார்கள். பட்டப்பெயர் பிறந்ததே அன்றைக்குத்தான் என்று நினைக்கிறேன்.

என் வீட்டுக்காரர் அந்தச் சூளையில் நெருப்புக்காரர். எண்ணெயைத் திறப்பதும் குறைப்பதும் மூடுவதும் அவர் பொறுப்பு. அந்த வருஷம் ஐப்பசி மழை விடாமல் கொட்டியது. வெள்ளாற்றில் தண்ணீர் கரை தொட்டு ஓடியது. சேத்தியாத்தோப்பு பஸ் வரவில்லை, அக்காவும் வரவில்லை. சூளை எரிந்துகொண்டிருந்தது.

மத்தியானம் நான் தூக்குச்சட்டியோடு சூளைக்குப் போனேன். அவர் ஒரு பெட்டியைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்து, கருவாட்டுக் குழம்பை ஊற்றிச் சோற்றைப் பிசைந்தார். அப்போது முள் ஏற ஆரம்பித்தது. எப்போதும் எறும்பு ஊர்கிற மாதிரி ஏறும். அன்றைக்கு மரத்தில் அணில் ஏறுகிற மாதிரி ஏறியது. சிவப்பைத் தாண்டிக் கடைசி ஓரத்தில் போய் முட்டிக்கொண்டு நின்றது.

"ஏ புள்ள, இன்னா இது!" என்று சோற்றுக் கையோடு எழுந்து ஓடி, இடது கையால் எண்ணெயை மூடினார். நெருப்பு அடங்கிவிட்டது. முள் மட்டும் இறங்கவில்லை. அப்படியே நின்றது. அவர் பெட்டியின் கண்ணாடியைத் தொடக்கூட இல்லை.

சூளை ஆறித் திறந்தபோது சரக்கு எதுவும் உருகியிருக்கவில்லை. அதுதான் வினையாகப் போனது. எல்லாம் வேகாத சரக்கு. நன்றாக வெந்த கட்டையைச் சுண்டினால் 'டங்' என்று மணி மாதிரி கேட்கும். இது சுரைக்குடுக்கையைத் தட்டுகிற மாதிரி 'தொப்' என்றது.

மேனேஜர் டீ மணி அடிக்கச் சொல்லி எல்லோரையும் கூட்டினார். கெட்ட மனுஷர் இல்லை. ஒரு சூளைச் சரக்கு போனால் அவருக்கும் மேலே பதில் சொல்ல வேண்டும்.

"என்னாய்யா, முள்ளு தானா ஏறிச்சுங்கறே. அவ்வளவு சூடு ஏறியிருந்தா சரக்கு உருகியிருக்கணும். சரக்கு பச்சையா இருக்குது. எண்ணெய மூடினப்புறம் முள்ளு எறங்கணும். அதுவும் எறங்கல. அப்ப என்னா அர்த்தம்? மழ இன்னும் வலுக்கறதுக்கு முன்னாடி வூட்டுக்குப் போவணும்னு நெருப்ப அணைச்சிட்டு, முள்ள ஓரத்துல தள்ளி வுட்டிருக்கே."

"சத்தியமா இல்லீங்க சார். நான் தொடவே இல்ல. எம் பொஞ்சாதி பக்கத்துலதான் இருந்துச்சு, கேளுங்க."

எல்லாத் தலைகளும் என் பக்கம் திரும்பின.

"நீ சொல்லும்மா. உன் வூட்டுக்காரன் முள்ளத் தொட்டானா?"

நான் தரையைப் பார்த்தேன். தரையில் சிந்தி உலர்ந்திருந்த வெள்ளைக் களிமண் இப்போதும் கண்ணுக்குத் தெரிகிறது. 'இல்லீங்க' என்று ஒரு சொல் வந்தால் போதும். தொண்டை வரைக்கும் வந்தது. அதற்கு மேல் வரவில்லை.

மேனேஜர் கொஞ்ச நேரம் பார்த்தார். "கேட்டுட்டீங்க இல்ல? மௌனம் சம்மதம். கட்டினவளே இல்லன்னு சொல்லல" என்றார். முடிவு தெரிகிற வரைக்கும் இவர் வேலைக்கு வர வேண்டாம் என்று சொல்லிவிட்டார். மெஷினை நிறுத்தி, பெட்டியைப் பூட்டிச் சாவியையும் எடுத்துக்கொண்டார். முள் ஓரத்தில் நின்றபடியே இருந்தது. அதுதான் சாட்சியாம்.

வீட்டுக்கு வந்து இவர் என்னைத் திட்டவில்லை. "நீ என்னிக்குப் பேசினே, இன்னிக்குப் பேச" என்று சொல்லிவிட்டுப் படுத்துக்கொண்டார். திட்டியிருந்தால் தேவலை போல இருந்தது. மறுநாளே தெருக்குழாயில் ஒருத்தி கேட்டாள், "முள்ளுத்தள்ளி வூட்டுல இன்னா சமையல்?" என்று. பெயர் வைத்துவிட்டார்கள். வேலை போனால் நல்லூர்ப் பக்கம் போய்க் கரும்பு வெட்டியாவது பிழைக்கலாம். பட்டப்பெயர் பஸ் ஏறிக் கூடவே வரும். எங்கள் இரண்டு பிள்ளைகளும் 'முள்ளுத்தள்ளி பிள்ளைங்க' ஆகிவிடும். எனக்கு அதுதான் பயம்.

தண்ணீர் வடிந்து சேத்தியாத்தோப்பு பஸ் வந்த அன்று காலையில் நான் சூளை ரோட்டில் போய் நின்றேன். புடவை ஓரமெல்லாம் சேறாக அக்கா இறங்கினார். நடந்துகொண்டே எல்லாவற்றையும் சொன்னேன். அழுகையும் பேச்சுமாகத்தான் வந்தது. அவர் ஆறுதலாக ஒரு வார்த்தையும் சொல்லவில்லை.

"ஓரத்துல போயி நின்னப்புறம் முள்ளு ஆடிச்சா?" என்று கேட்டார்.

"இல்லக்கா. ஆணி அடிச்சாப்பல நின்னுச்சு."

"உசுரு இருக்கற முள்ளு லேசா ஆடிக்கிட்டே இருக்கும் புள்ள. சரி, அப்புறம் யாராவது மெஷின மறுபடியும் போட்டுப் பாத்தாங்களா?"

"பூட்டி வச்சிருக்காங்கக்கா."

அவர் நடுரோட்டில் நின்றுவிட்டார். "சும்மா வுட்டா என்னா பண்ணுதுன்னு ஒருத்தருமே பாக்கலையா?" அதைச் சொல்லும்போது அவர் முகத்தில் ஒரு சந்தோஷம் வந்தது. எனக்குக் கோபம்கூட வந்தது. என் குடும்பம் தெருவில் நிற்கிறது, இவருக்கு என்ன சிரிப்பு? "உன் வூட்டுக்காரரையும் வரச் சொல்லு. பேச வேணாம். வந்து நின்னாப் போதும்" என்றார்.

டீ மணி அடித்தபோது சூளைக்கு முன்னால் கூட்டம் கூடிவிட்டது. இவரும் வந்து கைகட்டி ஒரு ஓரமாக நின்றார். அக்கா கேட்டதன்பேரில் மேனேஜர் சாவியோடு வந்தார்.

"என்னம்மா பாக்கணும்? முள்ளு நிக்கற எடந்தான் தெரியுதே."

அக்கா பெட்டியைத் திறந்தார். எல்லோரும் பார்க்க, ஓரத்தில் நின்ற முள்ளை ஒரே விரலால் தள்ளி நடுவுக்குக் கொண்டுவந்துவிட்டார்.

"அய்யய்யோ, சாட்சியத் தொட்டுட்டீங்களே!"

"இப்பத் தொட்டது நான்தான் சார். எல்லாரும் பாத்துக்குங்க. இனிமே யாரும் கிட்ட வரக் கூடாது." சுவிட்சைப் போட்டுவிட்டு, கையைப் பின்னால் கட்டிக்கொண்டு தள்ளி வந்து நின்றார். "சூளை ஆறியிருக்குதா சார்?"

"அதான் தொறந்து கெடக்குதே. உள்ள பூனை படுத்திருக்குது."

அவர் சொல்லி வாய் மூடவில்லை. முள் அசைந்தது. அணில் மாதிரி ஏறியது. சிவப்பைத் தாண்டியது. ஓரத்தில் போய் முட்டிக்கொண்டு ஆணி அடித்தாற்போல நின்றது.

 பின்னாலிருந்து யாரோ ஒருத்தர், "ஏம்ப்பா, பூனைக்கு இம்மாங் காய்ச்சலா!" என்றார். கூட்டம் வெடித்துச் சிரித்தது. இவர் சிரிக்கவில்லை. கட்டிய கையை அவிழ்த்து வேட்டியில் துடைத்துக்கொண்டார்.

"மெஷின் கெட்டுப் போச்சு" என்றார் மேனேஜர்.

"பாக்கலாம் சார்." அக்கா சுவருக்குள் இருந்த ஒயரை வெளியே இழுத்தார். உள்பக்க முனை தீய்ந்து அறுந்து இரண்டாக வந்தது. புது ஒயரை மாட்டினார். முள் நல்ல பிள்ளை மாதிரி இறங்கி நடுவுக்கு வந்து, லேசாக ஆடியபடி நின்றது. ஒயரைக் கழற்றினார், ஏறியது. மாட்டினார், இறங்கியது. மேனேஜரே கிட்டே வந்து ஒரு தடவை கழற்றி மாட்டிப் பார்த்தார். அவருக்கும் ஆசை வந்துவிட்டது.

"ஒண்ணும் வரலன்னா வுழத்தானேம்மா வேணும்? ஏன் ஏறுது?"

அக்காவுக்கும் அது தெரியாது. மெஷினின் முதுகுப்பக்கம் போய்க் குனிந்து துழாவினார். கொஞ்ச நேரத்தில், "இங்க வாங்க சார்" என்றார். அங்கே ஒரு சின்னத் திருகு. ஒரு பக்கம் மேலே என்று அம்புக்குறி, மறுபக்கம் கீழே என்று அம்புக்குறி. ஒயர் அறுந்தால் முள் எங்கே போக வேண்டும் என்பதை அந்தத் திருகில் வைக்கலாமாம். நம் ஆட்கள் யாரும் அதைத் தொடவில்லை. மெஷின் செய்தவர்கள் வைத்து அனுப்பியபடியே மேலே பார்த்து இருந்தது.

"மேல வச்சதுல தப்பில்ல சார். கீழ வுழுந்தா, சூடு பத்தலன்னு நெனச்சி எண்ணெயத் தொறந்து வுட்டிருப்போம். சூளையே உருகிப் போயிருக்கும். மேல ஏறினா ஓடி வந்து மூடுவோம். அவரும் ஓடி வந்து மூடியிருக்காரு. மெஷினும் சரியாப் பண்ணுச்சு, அவரும் சரியாப் பண்ணாரு. இது சும்மா வுட்டா ஏறும்ங்கறது மட்டுந்தான் நமக்குத் தெரியல."

மேனேஜர் தலையைச் சொறிந்தார். "அது சரிம்மா. ஆனா அன்னிக்கு அந்தப் பொண்ணையே கேட்டேனே. இல்லன்னு சொல்லலியே. மௌனம் சம்மதந்தானே?"

"மௌனம்னா சம்மதம்னு அந்தத் திருக யாரு சார் வச்சது?" என்றார் அக்கா.

மேனேஜருக்குப் புரிய ஒரு நொடி ஆனது. அக்கா என் பக்கம் திரும்பினார். அன்றைக்கும் என் முகத்தைப் பார்க்கவில்லை. என் கையிலிருந்த ஈரப் பஞ்சைப் பார்த்துத்தான் பேசினார்.

"திருக மாத்தி வச்சிப் பாப்போம் சார். புள்ள, இங்க பாரு. உன் வூட்டுக்காரரு முள்ளத் தொட்டிருந்தா மட்டும் வாயத் தொற. தொடலன்னா பேசாம நில்லு."

நான் பேசாமல் நின்றேன். என் வாழ்நாளில் அவ்வளவு சத்தமாக நான் பேசாமல் நின்றதே இல்லை. கூட்டமே என்னைப் பார்த்துக்கொண்டு நின்றது. பஞ்சிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது.

மேனேஜர் சிரித்துவிட்டார். "சரிம்மா, சரி. ஒத்துக்கறேன். நாளைலேர்ந்து வேலைக்கு வரச் சொல்லுங்க. நடந்தது நடந்துபோச்சு, அத இதோட வுட்டுடுவோம்" என்று சொல்லிவிட்டு ஆபீஸ் பக்கம் திரும்பினார். கூட்டமும் கலைய ஆரம்பித்தது. இவர் கும்பிட்டார். எல்லாம் முடிந்தது என்று எல்லோரும் நினைத்தார்கள்.

எனக்கு மட்டும் தெருக்குழாய் ஞாபகம் வந்தது. முள்ளுத்தள்ளி. கூப்பிட்டவர்கள் பாதிப் பேர் இங்கே இல்லை, அடுத்த கொட்டகைகளில் இருக்கிறார்கள். இதோடு விட்டால்?

நான் வாயைத் திறந்தேன்.

பக்கத்தில் நின்றவள், "அடிப் பாவி, தொறக்காதடி!" என்று என் கையைப் பிடித்து இழுத்தாள். இவர் முகம் வெளுத்துவிட்டது. வாயைத் திறந்தால் அவர் தொட்டார் என்று ஆகிவிடும் அல்லவா? அதற்குள் சொல் வெளியே வந்துவிட்டது.

"சும்மா வுட்டா என்னா பண்ணும்ங்க?"

மேனேஜர் நின்றார். "எதும்மா?"

"பேருங்க."

அவ்வளவுதான் வந்தது. ஒரு கேள்வியும் ஒரு சொல்லும். மீதியை யாராவது சொல்வார்கள் என்று அக்காவைப் பார்த்தேன். அவர் கையிலிருந்த அறுந்த ஒயரைக்கூட மறந்துவிட்டு, அன்றைக்குத்தான் முதல்முறையாக என் முகத்தை நேராகப் பார்த்தார். வாயெல்லாம் சிரிப்பு.

மேனேஜர் கூட்டத்தைப் பார்த்தார். பலர் காலைப் பார்த்துக்கொண்டார்கள். அந்தப் பெயர் அவர் காதுக்கும் போயிருக்கும்தானே. "மணிய இன்னொரு தடவ அடிங்க. எல்லாக் கொட்டகையும் வரட்டும்" என்றார். எல்லோரும் வந்து நின்ற பிறகு இவரைக் கூப்பிட்டுப் பக்கத்தில் நிறுத்திக்கொண்டு, "இவரு முள்ளத் தொடல. ஒயர் அறுந்து அது தானா ஏறிச்சு. நெருப்ப மூடினது சரி. நான் சொன்னதுதான் தப்பு. இனிமே யாராவது வேற பேரு சொல்லிக் கூப்பிட்டா எங்கிட்ட பதில் சொல்லணும்" என்றார். 'இவரு' என்றார். அதுவரைக்கும் அவன் இவன்தான்.

அக்கா அந்தத் திருகை மாற்றவில்லை. கண்ணாடியில் சிவப்புக் கோட்டுக்குப் பக்கத்தில் 'ஏறி ஆடாமல் நின்றால் ஒயரைப் பார்' என்று பெயிண்டில் எழுதி வைத்தார். படிக்கத் தெரியாதவர்களுக்கு வாயால் சொன்னார். கொஞ்ச வருஷம் கழித்து அக்காவின் வீட்டுக்காரருக்கு வேறு ஊரில் வேலை கிடைத்து அக்காவும் போய்விட்டார். அதற்குப் பிறகு வீட்டுக்கு மாப்பிள்ளை பெண் பார்க்க வந்தாலும், புதிதாக ஒரு குக்கர் வாங்கினாலும் என் வாயில் வருகிற முதல் கேள்வி அவருடையதுதான். என் பிள்ளைகள் என்னைக் கேலி செய்வார்கள். செய்யட்டும்.

மேனேஜர் மணி அடித்துச் சொன்ன அன்றைக்குச் சாயங்காலம் மழை விட்டிருந்தது. நானும் என் வீட்டுக்காரரும் சேர்ந்து வீட்டுக்கு நடந்தோம். பாதி வழி வரைக்கும் அவர் சேற்றுப் பள்ளங்களைத் தாண்டித் தாண்டி முன்னால் நடந்தார். அப்புறம், "ஏ புள்ள, உன் முள்ளுகூடத் தானா ஏறுதே" என்றார். நான் ஒன்றும் சொல்லவில்லை. அதை அவர் எப்படி எடுத்துக்கொண்டாரோ, கடைத்தெருவில் நின்று எனக்கு இரண்டு முழம் மல்லிகை வாங்கினார். கட்டித் தந்ததும், "அந்த அம்மாவுக்கும் ஒரு மொழம் வாங்கிடலாம், காலைல குடுத்துடு" என்று மறுபடியும் பூக்காரி பக்கம் திரும்பினார்.

"வேணாங்க" என்றேன். "தும்முவாங்க."